பட்டறைப் பக்கம்: காஸ்ட் அயர்ன் புல்லட் – கேள்வி பதில்

அப்பா, தாத்தா காலத்து வண்டியை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய விரும்பும் வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வண்டியைப் பற்றியவை: பழைய புல்லட் 350. 1955 முதல் சென்னையில் உருவாகி, திருவொற்றியூரிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிவந்த, காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சிலிண்டர் போட்ட வண்டி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள நாலு கியர் வண்டியை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

அப்பாவின் 1970-களின் புல்லட் பத்து வருடத்துக்கும் மேலாகக் கொட்டகையில் நிற்கிறது. முழுவதும் பிரித்துப்போட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– தேனி வாசகர்

பிரிப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கைவிடப்பட்டு, மூன்று சாக்குப்பையில் உதிரிபாகமாகக் கிடக்கும் புல்லட்டுகளில் பெரும்பாலானவை, ஓடுமா ஓடாதா என்று பார்க்காமலே பிரிக்கப்பட்டவை. எது கெட்டிருக்கிறது என்பதை வண்டியே சொல்லும். ஓடவைத்துக் கேட்ட பிறகு ஸ்பானரை எடுங்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து 30 மில்லி ஊற்றுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கிக்கரை மிதிக்கவே கூடாது. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால், கிக்கரின் வேகத்தில் ரிங் உடையும், அல்லது கியர்பாக்ஸுக்குள் கிக்கர் பல் போகும். சக்கரம் அசைந்தால் பிழைத்தோம். அசையாவிட்டால் மறுபடி ஊற்றி ஒரு வாரம் காத்திருங்கள். இதில் அவசரப்பட்டால் செலவுதான்.

அசைந்துவிட்டதா? பழைய ஆயிலை முழுக்க வடியுங்கள். ஆயில் டேங்க் தனியாக இல்லாமல் கிராங்க்கேஸுடன் சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால், அடியில் உள்ள வடிபிளக்குகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் சேறு உள்ளேயே தங்கும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெள்ளி மின்னல் போலப் பொடி இருந்தால், பேரிங்கோ பிக் எண்ட் புஷ்ஷோ (கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்க்கோடு சேரும் இடத்து வளையம்) தேய்கிறது. அப்படியானால் ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு இன்ஜினை இறக்குவதுதான் சரி.

பொடி இல்லையென்றால் டைமிங் கவரில் (இன்ஜினின் வலப்பக்க மூடி) உள்ள ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 2 லிட்டர் ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். ஃபில்டர் அறை காலியாக இருக்கும். அது நிரம்பி பிக் எண்டுக்கு ஆயில் போய்ச்சேரும்வரை இன்ஜின் வறண்டே ஓடும். அதனால் பிளக் இல்லாமல், டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்தபடி முப்பது நாற்பது கிக் மெதுவாக மிதியுங்கள். பிறகு ஹெட்டில் ராக்கருக்கு (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) ஆயில் கொண்டுபோகும் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை (பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) ஒரு சுற்று தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்த பிறகே பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

வண்டி ஓடினால் புகை, சத்தம், கியர் விழும் விதம், கிளட்ச் வழுக்கல், சார்ஜிங் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் வேலைப்பட்டியல் அதுதான். எதைக் கழற்றினாலும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். நட்டு போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

என்னிடம் முழு மெட்ரிக் ஸ்பானர் செட் இருக்கிறது. ஆனால் பாதி நட்டுகளில் 13 நுழைவதில்லை, 14 வழுக்குகிறது. நட்டு தேய்ந்துவிட்டதா?
– நாகர்கோவில் வாசகர்

தேயவில்லை, ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய புல்லட் ஆங்கிலேய வடிவமைப்பு. அதன் நட்டுகளில் பெரும்பகுதி விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவு. 1/4 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ., 3/16 என்றால் 11.3, 5/16 என்றால் 15.2. மெட்ரிக்கில் எதுவும் சரியாகப் பொருந்தாது. 3/16, 1/4, 5/16, 3/8 அளவில் ரிங் ஸ்பானர் இருந்தாலே வண்டியின் முக்கால் பங்கு வேலை முடியும். சென்னை என்றால் புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும்.

ஸ்பானர் அளவை விட மரை முக்கியம். ஒரே வண்டியில் பல வகை மரைகள் கலந்திருக்கும்; பிற்கால வண்டிகளில் மெட்ரிக்கும் சேர்ந்துவிட்டது. கைவிரலால் நான்கு சுற்று சுலபமாகப் போகாத போல்ட்டை ஸ்பானர் வைத்துத் திருகாதீர்கள். அலுமினிய கிராங்க்கேஸில் மரை போனால் உள்ளே சுருள் மரை போட வேண்டிவரும். இன்னொன்று: டைமிங் பக்கம் கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இறுகும்.

ஒரு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் பத்து நிமிடம் நீலப் புகை கக்குகிறது. பிரீதர் பைப் வழியே ஆயில் கொட்டுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. ரிங் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?
– கரூர் வாசகர்

ரிங்கைத் தொடாதீர்கள். ரிங் போயிருந்தால் சூடான பிறகும் புகை நிற்காது. உங்கள் வண்டி நின்றிருக்கும்போது டேங்கில் உள்ள ஆயில் பம்ப்பைத் தாண்டிக் கசிந்து, கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்குகிறது. ஸ்டார்ட் செய்ததும் ஃப்ளைவீல் அந்த ஆயிலை வாரி அடிக்கிறது. கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி எரிகிறது, கொஞ்சம் பிரீதர் வழியே வெளியே வருகிறது. ரிட்டர்ன் பம்ப் மிச்சத்தை டேங்குக்கு ஏற்றியதும் புகை நிற்கிறது.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. நன்றாக ஓட்டி நிறுத்திய உடனே டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி பாருங்கள். அளவு நன்றாக இறங்கியிருந்தால் நாம் சொன்னதுதான். கிராங்க் அறையின் வடிபிளக்கைக் கழற்றினால், காணாமல் போன ஆயில் அங்கே இருக்கும்.

புல்லட்டில் இரண்டு பம்ப்: ஆயிலை அனுப்பும் ஃபீட், திரும்ப எடுக்கும் ரிட்டர்ன், இரண்டும் டைமிங் கவரில். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் தகடு முன்னும் பின்னும் ஊசலாடித் துளைகளைத் திறந்து மூடுகிறது. தகடும் அது அமரும் முகமும் கீறல்பட்டால் அடைப்பு போய்விடும். ஃபீட் தகட்டை வெளியே எடுத்து, மிக மெல்லிய வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டை ஆயிலில் குழைத்து ஒரு பொட்டு தடவி, அதன் முகத்திலேயே வைத்து விரலால் மெதுவாக அரைக்க வேண்டும். முழு வட்டமும் ஒரே சாம்பல் நிறமாக மாறினால் போதும். பளபளப்பாக ஒரு திட்டு மிச்சமிருந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. பிறகு பெட்ரோலில் இரண்டு மூன்று தடவை கழுவி, எல்லாத் துளைகளிலும் காற்றடியுங்கள். பேஸ்ட்டில் ஒரு துகள் தங்கினாலும் அது நேராக பிக் எண்டுக்குத்தான் போகும்.

கவரைக் கழற்றிய கையோடு கிராங்க் முனை நுழைகிற கார்க் சீலையும் மாற்றிவிடுங்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத பொருள். ஆனால் பம்ப்பிலிருந்து வரும் ஆயில் கிராங்க்குக்குள் நுழையும் வாசலே அதுதான். அது நைந்து சுருங்கினால் ஆயில் பக்கவாட்டில் நழுவிவிடும். பிக் எண்ட் காயும். எத்தனையோ இன்ஜின்கள் இந்தச் சின்ன சீலால் போயிருக்கின்றன. கார்க் வடிவிலேயே நியோப்ரீனில் வருவது நீண்ட நாள் உழைக்கும்.

பிரீதர் பைப்பின் நுனியில் வாத்து அலகு போல ஒரு ரப்பர் வால்வ் இருக்க வேண்டும். காற்று வெளியே போகும், உள்ளே வராது. அது விறைத்தாலோ பைப் அடைத்தாலோ கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஒவ்வொரு கேஸ்கெட்டிலும் கசியும். "புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்பவர்கள் இந்த ரப்பரைப் பார்ப்பதே இல்லை.

சிலிண்டர் தேய்ந்துவிட்டது, +40 போர் போடு என்கிறார் லேத்காரர். அளக்கும் கருவி எதுவும் என்னிடம் இல்லை. நம்பலாமா? கனெக்டிங் ராடையும் ரோலர் பேரிங்காக மாற்றச் சொல்கிறார்கள்.
– ஈரோடு வாசகர்

போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைவது. தேவையா என்று பார்க்க உங்களிடம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் போதும். பழைய பிஸ்டன் ரிங் ஒன்றை எடுத்து, சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. கீழே, ரிங் அதிகம் உரசும் இடத்தில், பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக அமர்த்துங்கள். ரிங் முனைகளின் இடைவெளியை அளங்கள். அதே ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதியில், ரிங் போகாத தேயாத இடத்தில் வைத்து மறுபடி அளங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வரும். மேலே 0.9, கீழே 0.3 என்றால் வித்தியாசம் 0.6, தேய்மானம் 0.19 மி.மீ. ஏறத்தாழ 0.2 வந்துவிட்டால் போர் போடும் நேரம். 0.08, 0.1 என்றால் ஹோன் போட்டு (உள்சுவரை லேசாக உரசிவிட்டு) புது ரிங் மாற்றினால் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்.

+20 என்றால் அரை மி.மீ., +40 என்றால் ஒரு மி.மீ. ஸ்டாண்டர்டில் இருந்து நேராக +40-க்குத் தாவினால் பின்னால் ஒருமுறை போர் போடும் வாய்ப்பை இன்றே செலவழிக்கிறீர்கள். துருக்குழி ஆழமாக இருந்தாலொழிய +20 போதும். தற்போதைய பிஸ்டனின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் ஏற்கனவே எத்தனை முறை போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். போர் போட்ட பிறகு பிஸ்டன் தேடக் கூடாது. ஒரே +20 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி பிஸ்டனின் அளவு மாறும். பிஸ்டன் பெட்டியில் சொல்லியிருக்கும் இடைவெளியை வைத்து, அந்த பிஸ்டனை அளந்து, அதற்குத்தான் போர் போட வேண்டும். "டைட்டா போட்டுத் தரேன், ஓட ஓட விட்டுரும்" என்றால் வேறு பட்டறை பாருங்கள். காஸ்ட் அயர்னை விட அலுமினிய பிஸ்டன் அதிகம் விரியும். இடம் இல்லாவிட்டால் முதல் மேட்டிலேயே ஜாம் ஆகும். வாங்கிவந்ததும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுக்காமல் வரும்வரை கழுவுங்கள். பெட்ரோலால் மட்டும் கழுவினால் ஹோன் தூள் போகாது. கழுவி உலர்ந்த உடனே ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் செம்பட்டை படரும்.

ராடு விஷயத்துக்கு வருவோம். பழைய புல்லட்டில் பிக் எண்ட் ஃப்ளோட்டிங் புஷ். உள்ளும் புறமும் ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் வளையம். சுத்தமான ஆயில் தொடர்ந்து போனால் அது மென்மையாக, சத்தமின்றி நெடுங்காலம் ஓடும். ஒரு முறை ஆயில் தட்டுப்பட்டால் போய்விடும். ரோலர் அந்த வகையில் பொறுமைசாலி. கொஞ்சம் ஆயில் குறைந்தாலும் தாங்கும். ஆனால் இரண்டில் எதை மாற்றவும் ஃப்ளைவீலைப் பிரஸ்ஸில் பிரித்து, திரும்பச் சேர்த்து, சுழலும்போது வரும் ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் வரும்படி நேராக்க வேண்டும். இது வீட்டு வேலையல்ல. கிராங்க் வேலையில் பழகிய கைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் முதலில் ராடு உண்மையில் போயிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் கழற்றிய நிலையில் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, ராடை நேராக மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. மேல்-கீழாக 'டிக்' என்று ஒரு தட்டல் கையில் உணர்ந்தால் தேய்ந்துவிட்டது. தட்டல் இல்லாத புஷ்ஷை வெறும் 'அப்கிரேட்' ஆசைக்காகக் கழற்றாதீர்கள். தட்டல் இருந்தால், எப்படியும் கிராங்க் பிரிக்கப் போகிறீர்கள். அப்போது ரோலருக்கு மாறுங்கள்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது. சரியாக ஸ்டார்ட் செய்யும் முறையையும் சொல்லுங்கள்.
– கும்பகோணம் வாசகர்

திருப்பி அடிப்பது தீப்பொறி முன்கூட்டியே விழுவதால். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து அட்வான்ஸ் எடைகளை (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுபவை) கையால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் உடனே இழுத்து மூட வேண்டும். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ, இன்ஜின் நிற்கும்போதே டைமிங் முன்னால் இருக்கிறது என்று பொருள். பிரித்துக் கழுவி ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

அடுத்து பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு) இடைவெளி: 0.35 முதல் 0.40 மி.மீ. இதைச் சரிசெய்த பிறகே டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எடைகள் முழுக்க மூடிய நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் மேல்முனைக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளந்தால் தவறும். ஹெட் கழற்றியிருக்கும்போது டயல் கேஜ் வைத்து அளந்து, பிரைமரி பக்கம் (கிளட்ச் இருக்கும் இடப்பக்கம்) ரோட்டரில் (கிராங்க்கோடு சுழலும் காந்தம்) ஒரு குறி போட்டுக்கொண்டால் பிறகு எப்போதும் ஹெட்டைத் தொட வேண்டாம். பாயிண்டுக்கு இடையே மெல்லிய தாளை நுழைத்து, லேசாக இழுத்தபடியே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். தாள் நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம்.

ஸ்டார்ட் செய்ய அம்மீட்டரைப் பாருங்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சாவியைத் திருப்பி, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கர் கனத்து நிற்கும் இடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கிறது. இப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் இரண்டு விரற்கடை மட்டும் கீழே அழுத்துங்கள். டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரே நீளமான மிதி. மிதியில் முரட்டுத்தனம் வேண்டாம், கடைசிவரை போக வேண்டும் அவ்வளவே.

முள் எப்போதும் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் கரி அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. எப்போதும் மைனஸிலேயே இருந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட்.

டேப்பெட் சத்தம் கேட்கிறது. கேப் எவ்வளவு வைக்க வேண்டும்?
– புதுச்சேரி வாசகர்

பூஜ்யம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் டிடிசியில் (பிஸ்டன் மேல்முனையில்), புஷ்ராடு (ராக்கரைத் தள்ளும் கம்பி) விரலால் சுலபமாகச் சுழல வேண்டும். மேல்-கீழ் ஆட்டம் துளியும் கூடாது. சூடானதும் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து தேவையான இடைவெளி தானாக வந்துவிடும். மற்ற வண்டிகள் மாதிரி ஃபீலர் கேஜ் விட்டு 0.1 வைத்தால் சூட்டில் கடகடவென்று அடிக்கும். லாக்நட்டை இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் மாறிவிடும்.

6 வோல்ட் லைட்டில் இரவில் ஒன்றுமே தெரியவில்லை. 12 வோல்ட்டாக மாற்ற என்னென்ன வாங்க வேண்டும்?
– வேலூர் வாசகர்

இந்த மேம்பாட்டை நாங்கள் மனமாரச் சிபாரிசு செய்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம், பாதுகாப்பு கூடும். காரணமும் எளிது: 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 12-இல் 2.5 தான். ஆம்பியர் பாதியானால் பழைய ஒயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் வீணாவது நான்கில் ஒரு பங்காகும்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் ஸ்டேட்டர் (ரோட்டரைச் சுற்றியிருக்கும், மின்சாரம் தரும் சுருள்கள்), ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு ஏற்றதாக்குவது), பேட்டரி, இக்னிஷன் காயில், ஹாரன், ஃப்ளாஷர், எல்லா பல்புகளும், 15 ஆம்பியர் ஃப்யூஸ். பாயிண்ட், கண்டன்சர், அம்மீட்டர், சுவிட்சுகள் அப்படியே இருக்கட்டும். 6 வோல்ட் காயிலை விட்டுவைத்தால் சூடேறிச் சாகும், போகும்போது பாயிண்டையும் கருக்கிவிட்டுப் போகும்.

எதையும் இணைக்கும் முன், பேட்டரியின் எந்த முனை வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேம்) சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பிளஸ் எர்த் ஆக இருக்கலாம். புது ரெக்டிஃபையர்கள் மைனஸ் எர்த்துக்குச் செய்தவை. தவறாகக் கொடுத்தால் சாவி திருப்பிய நொடியே புகையும். மைனஸ் எர்த்துக்கு மாற்றும்போது அம்மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் முள் தலைகீழாகக் காட்டும்.

பிற்கால 12 வோல்ட் புல்லட்டின் ஸ்டேட்டரை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஸ்டட் துளைகளின் இடைவெளியை ஒப்பிடுங்கள். மாட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் குறைந்தது 0.2 மி.மீ. இருக்க வேண்டும். ரோட்டர் காந்தம் என்பதால் இரும்பு ஃபீலர் கேஜ் ஒட்டிக்கொள்ளும். பித்தளைத் தகட்டுத் துண்டோ பிளாஸ்டிக் பட்டையோ பயன்படுத்துங்கள். நான்கு பக்கமும் அளந்துவிட்டு கிராங்க்கைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். இங்கே உரசினால் அந்த இரும்புத்தூள் கிளட்ச் ஆயிலில் கலந்து எல்லாவற்றையும் தின்னும்.

ரெகுலேட்டரை டூல் பாக்ஸுக்குள் ஒளித்துவைக்க ஆசை வரும், வேண்டாம். காற்று படும் இடத்தில், பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்குங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பாதிக்குக் கீழ் திருகிப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் வேலை முடிந்தது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரின் எர்த்தைப் பாருங்கள். எல்இடி இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃப்ளாஷர் படபடவென்று அடிக்கும், அதற்கு எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. ஆசிட் ஊற்றலாமா?
– தூத்துக்குடி வாசகர்

கக்கூஸ் கழுவும் ஆசிட் துருவைவிட வேகமாக டேங்க்கைத் தின்னும். வெளியே சிந்தினால் பெயிண்டும் போகும். சிட்ரிக் ஆசிட் பொடி போதும். லிட்டருக்கு 60 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, டேங்க்கை விளிம்புவரை நிரப்புங்கள். ஒரு நாள், தடிப்பான துரு என்றால் இரண்டு நாள். பாதி நிரப்பினால் நீர்மட்டக் கோட்டில் அதிகம் அரிக்கும். வடித்துவிட்டு, சோடா உப்பு கலந்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீர். உடனடியாகச் சூடான காற்றால் உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் கலந்து உள்ளே சுழற்றுங்கள். அரைமணி நேரம் ஈரமாக விட்டால் புதுத் துரு வந்துவிடும்.

ஊசித்துளை இருந்தால் ஈயப்பத்து வைக்கலாம். ஆனால் பல வருடம் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். சோப்புத்தண்ணீரால் பலமுறை அலசி, வேலை நடக்கும் இடம் தவிர மீதியைத் தண்ணீரால் நிரப்பிய பிறகே நெருப்பு அருகே கொண்டுபோக வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பழைய வண்டிக்கு ஆகுமா?
– சேலம் வாசகர்

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் ஓடும், சில மாற்றங்களோடு. பழைய ரப்பர் பெட்ரோல் டியூப், டேப்பின் வாஷர், கார்புரேட்டர் ஓரிங் எல்லாம் உப்பிக் கரையும். எத்தனால் தாங்கும் வைட்டான் போன்ற ரப்பருக்கு மாற்றுங்கள். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும்: பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி பிளக்கைப் பார்த்தால், காபிப்பொடி நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, மறுபடி பாருங்கள். மிக்கார்ப் கார்புரேட்டரில் பக்கவாட்டு ஸ்க்ரூ காற்றுக்கானது. உள்ளே திருகினால் கலவை கூடும். ஒன்றரைச் சுற்றில் ஆரம்பியுங்கள்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். பதினைந்து நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி வண்டி தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

முன் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. டிஸ்க் போட்டுவிடலாமா?
– மதுரை வாசகர்

அதற்கு முன், இருப்பதை முழுசாக வேலை செய்ய வைத்துப் பாருங்கள். 6 அங்குல டிரம், ஒரே லீடிங் ஷூ (சக்கரச் சுழற்சியால் இழுபட்டு இறுகப் பிடிக்கும் ஷூ); அதிலும் ஷூவின் ஒரு ஓரம் மட்டும் உரசிக்கொண்டிருக்கும். ஷூவின் மேல் சாக்பீஸ் தடவி, மாட்டி, பிரேக் பிடித்து ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று தெரியும். மேடான இடத்தை மட்டும் உப்புத்தாளில் தேயுங்கள். பழைய ஷூவின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் ஓட்ட வேண்டும், ஆனால் ஸ்போக் இறுக்கி வளைவு எடுத்த பிறகு. முதலில் டிரம்மைக் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக் இறுக்கினால் அந்த இழுப்பில் மறுபடி வளையும். பிரேக் முழுக்கப் பிடிக்கும்போது லீவர் ஆர்மும் கேபிளும் செங்கோணத்தில் இருக்கட்டும்.

அப்படியும் போதவில்லையென்றால், பிற்கால புல்லட்டின் 7 அங்குல இரட்டை லீடிங் டிரம் நல்ல தேர்வு. பார்வைக்கும் வண்டியோடு ஒட்டிப்போகும். டிஸ்க் என்றால் ஃபோர்க்கே மாறும். டயர் 3.25-19, பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரான வருடம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயர் கல்லாகியிருக்கும், மாற்றுங்கள்.

வண்டிக்கு 50 வயது ஆகிவிட்டது. விண்டேஜ் பதிவு வாங்குவது நல்லதா?
– கோவை வாசகர்

ஓட்டுவதற்கா, வைத்துப் பார்ப்பதற்கா என்று முதலில் முடிவுசெய்யுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 என்று அறிவித்தார்கள். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடப்போவது போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. வண்டியின் சட்டத்தையோ (ஃபிரேம்) இன்ஜினையோ மாற்றியிருந்தால் தகுதியும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு ஊர் சுற்ற வேண்டும் என்றால், சாதாரண ஆர்சியையே படிவம் 25 கொடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது மேல். எந்த வழியானாலும் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் சட்டத்தைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது சேசிஸ் எண்ணின் மேல் தடிப்பாக ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் கப், மரைகள், எர்த் போல்ட் இருக்கும் இடம் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். கழற்றிய மூலப் பாகம் எதையும் எடைக்குப் போடாதீர்கள்: 6 வோல்ட் காயில், பழைய டிரம், ஓட்டைச் சைலன்சர்கூட. டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடு பாதியாவது மிச்சமிருந்தால் அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். மெல்லிய ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள். அந்தக் கோட்டை மறுபடி எந்தப் பட்டறையிலும் வாங்க முடியாது.

போர் போட்டு இன்ஜின் சேர்த்தாயிற்று. எப்படி ஓட்டிப் பழக்குவது?
– திருநெல்வேலி வாசகர்

முதல் 500 கி.மீ. வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் திணறவிடுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல். 200 கி.மீ.-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 500-இல் மறுபடி. குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் ஒருமுறை இறுக்கி, அதன்பின் டேப்பெட்டைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட் அமர்ந்திருக்கும், டேப்பெட் நிச்சயம் இறுகியிருக்கும்.